தடுத்து வைக்கப்பட்டது: ஒன்று

என் அண்ணன் மகளுக்கு ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் நிறையப் பேசப் போகிறேன்; கேட்பவர்களுக்கு ஏதோ ஒரு பழைய லேப்டாப்பைச் சரிசெய்த கதை என்று தோன்றிவிடும். அன்றைக்கு எனக்கே அப்படித்தான் தோன்றியது. அதுதான் வினையாகப் போயிற்று.

அவள் அண்ணனுக்குப் பிறந்தவள் இல்லை. சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் வேலைக்கு வந்த ஒரு பெண், தோட்டத்துக் கிளினிக்கில் பெற்றுப் பதினோராம் நாள் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஜொகூர் பக்கம் போனதாகக் கேள்வி. அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனையோ பிள்ளைகள் கைமாறியிருக்கின்றன. யாரும் ஆபீசுக்குப் போய்ப் பதிந்ததில்லை. "நம்ம புள்ளதானே, யாரு வந்து கேக்கப் போறா?" என்பார் அண்ணன். கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆண்டுக்கொரு முறை கேட்டார்கள். கடிதம் கொடுத்துக் கொடுத்தே ஐந்தாம் படிவம் வரை ஓட்டினோம். பதினெட்டு வயதானதும் ஓட்ட முடியவில்லை. ஐசி இல்லாமல் இந்த நாட்டில் பாங்கில் கணக்குத் திறக்க முடியாது, லைசென்ஸ் எடுக்க முடியாது, நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

பெற்றவளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது பெயர் மட்டும்தான். மற்றதையெல்லாம் எழுதி வைத்தவர் தோட்டத்து ஆபீஸ் கணக்குப் பார்த்த கிராணி. பிள்ளையைக் கொடுத்த அன்று அவர் ஒரு கடிதம் எழுதி அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கி, அவள் ஐசியை நகலெடுத்து, கிளினிக் சீட்டோடு சேர்த்து ஆபீஸ் ஃபைலில் வைத்திருந்தார். தோட்டம் கைமாறி ஆபீசை மூடியபோது, காகிதங்கள் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு குடும்பத்தின் காகிதங்களையும் ஸ்கேன் பண்ணி, ஆளுக்கொரு சிடியில் போட்டு, வீட்டு நம்பரை மை பேனாவால் எழுதிக் கொடுத்தார். தோட்டத்து ஜனங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று, ஒரு தரம் அமுக்கினால் தானாகவே விரிந்துகொள்ளும்படி எல்லாவற்றையும் ஒரே பெட்டி ஃபைலாகக் கட்டியிருந்தார். லேப்டாப் வாங்கியபோது அண்ணன் அதை அதிலும் ஏற்றி வைத்தார். கிராணி நல்ல மனுஷன். இது நடப்பதற்கு ஒரு வருஷம் முன்பே தவறிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அண்ணன் மகளை மோட்டாரில் கொண்டுவந்து திகாம் பத்துவில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மழைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று திரும்பிவிட்டார். அவள் லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, பதிவு ஆபீசுல நாளு குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கெழம காலையில. பெத்த அம்மாவோட ஐசி நம்பர் கண்டிப்பா வேணுமாம். அது இருந்தா அவங்களே தேடிப் பாத்துக்குவாங்களாம்."

"கிராணி குடுத்ததுல இருக்கே."

"இருக்குன்னு அப்பா சொல்றாரு. ஆனா இது எதையும் தொறக்க விட மாட்டேங்குது. எத தொட்டாலும் செவப்பா ஒண்ணு வந்து நிக்குது."

எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் ஆபீஸ் லீவு. ஞாயிறு காலைக்குள் ஐசி எண்ணின் பன்னிரண்டு இலக்கங்கள் வேண்டும், அவ்வளவுதான் வேலை. எனக்கு நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு. அன்றுதான் ஓய்வு தொடங்கியிருந்தது. "இதுக்கா மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்க? குடு இப்படி" என்று வாங்கினேன்.

லேப்டாப்பைத் திறந்தால் அது எழுந்து உட்காரவே பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே ஒரு ஆன்டிவைரஸ். சுங்கைப் பட்டாணியில் லேப்டாப் வாங்கிய கடைக்காரன் சும்மா போட்டுக் கொடுத்தது. காலம் முடிந்து எவ்வளவோ நாளாகியும் போகாமல் உட்கார்ந்திருந்தது. மூலையில் ஒரு சிவப்புக் கேடயம் துடித்தது. எதைத் தொட்டாலும் திரையை அடைத்துக்கொண்டு "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. அதன் முகப்பைத் திறந்து பார்த்தேன். பச்சையாக இருக்க வேண்டியதெல்லாம் சிவப்பு. கீழே சின்ன எழுத்தில்: தடுத்து வைக்கப்பட்டவை, ஒன்று.

பார்த்தேன். பார்த்துவிட்டு மேலே போனேன். இப்போது கண்ணை மூடினாலும் அந்த ஒன்று தெரிகிறது.

"அத்தை, மொதல்ல அந்த ஃபைல மட்டும் தேடி எடுத்து உங்க பென்டிரைவ்ல போட்டுடலாமா? அப்புறமா இத என்ன வேணும்னாலும் செய்யலாம்லா" என்றாள் பிள்ளை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் பதினாறு வருஷமாக ஒரு தொழிற்சாலையின் சுத்த அறையில் வேலை செய்கிறவள். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, இரண்டு கையுறை, காற்றால் ஊதித் துடைத்த பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம். அங்கே ஒரே ஒரு சட்டம்: முதலில் சுத்தம், பிறகுதான் பொருளைத் தொட வேண்டும். ஒரு தூசி போதும், ஒரு நாள் உழைப்பு குப்பைக்குப் போகும். புதிதாக வருகிற பெண்களைக் கத்திக் கத்தி இதைப் பழக்குகிறவள் நான். அது கைப்பழக்கமாகி, குணமாகவே ஆகிவிட்டது. வீட்டிலும் தரையைத் துடைக்காமல் அரிசி களைய மாட்டேன்.

"பெரிய எஞ்சினியர் வந்துட்டா எனக்குச் சொல்லித் தர! அழுக்கு மெஷின்ல என் பென்டிரைவக் குத்தி, அதுவும் நாசமாப் போறதுக்கா? மொதல்ல சுத்தம். அப்புறம் எல்லாம் தானா கெடைக்கும். போ, போயி மைலோ கலக்கிக் குடி."

அவள் எழுந்து போனாள். மறுபேச்சுப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஐசி இல்லாத பிள்ளைகள் சின்ன வயதிலேயே அதைப் பழகிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் வேலையைத் தொடங்கினேன். முறைப்படி செட்டிங்ஸில் போய் நீக்கச் சொன்னேன். பாஸ்வேர்டு கேட்டது. கடைக்காரன் வைத்த பாஸ்வேர்டு. அந்தக் கடை இப்போது இனிப்புத் தேநீர்க் கடை. டாஸ்க் மேனேஜரில் அதன் ஓட்டத்தை நிறுத்தப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. சர்வீஸ் பட்டியலில் நிறுத்தும் பொத்தானே மங்கிக் கிடந்தது. என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு என்னையே யார் என்று கேட்கிறது! "அட சனியனே, இரு" என்றேன், வாய்விட்டு.

இப்படிப்பட்டவற்றை அடியோடு பிடுங்க, அதைச் செய்த கம்பெனியே தனியாக ஒரு நீக்கும் கருவி கொடுக்கும். அதை என் கம்ப்யூட்டரில் இறக்கி, வேண்டாத பழைய பென்டிரைவ் ஒன்றில் போட்டுச் செருகினேன். செருகிய மாத்திரத்தில் கேடயம் ஒரு தரம் சுற்றியது. கருவியைத் திறக்க விடவில்லை. மறித்துவிட்டது. தன்னைக் கொல்ல வந்ததை அது தெரிந்துவைத்திருந்தது. பிள்ளை மைலோ கோப்பையோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பயமா இருக்குலா."

"எதுக்குப் பயம்? உயிருள்ள சாமானா இது?"

ஆனால் லேப்டாப்பின் அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி கொதித்தது. அதன் விசிறி நிற்காமல் இரைந்தது. இதை இப்படியே விட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைக் கேட்டிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டி வந்திருக்காது.

ஷிஃப்டை அழுத்திக்கொண்டே மறுதொடக்கம் கொடுத்து, சேஃப் மோடில் இறங்கினேன். சேஃப் மோடு என்றால் விண்டோஸ் தனக்கு மிகவும் அவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்திருக்கும், மற்றவை தூங்கும். திரை கறுப்பானது. கேடயமும் தூங்கியது. இப்போது கருவியை ஓட்டினேன். ஒரு நீலக்கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. மறுபடி தொடங்கிப் பார்த்தால், கேடயம் இல்லை. பிள்ளை கைதட்டினாள். "தேடலாமா அத்தை?"

"இன்னும் முடியல" என்றேன்.

முடிந்திருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒளித்து வைக்கப்பட்ட ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லி உள்ளே போனேன். இருந்தது. அந்த ஆன்டிவைரஸின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று, அதற்குள் ஒரே ஒரு ஃபைல். பெயரே இல்லை, வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளக் கிறுக்கல். தேதியைப் பார்த்தால் போன மாதம். எந்த வைரஸைப் பிடித்து வைத்திருக்கிறதோ, அதையும் சேர்த்தே ஒழிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழிக்க விடவில்லை. உரிமையை என் பெயருக்கு மாற்றினேன். மறுபடி கேட்டது: இதை நிரந்தரமாக அழிக்க வேண்டுமா, நிச்சயமாகவா? வேண்டும் என்று அமுக்கினேன். அதோடும் விட்டேனா? விண்டோஸின் உள்பதிவேட்டில் அதன் பெயர் வந்த இடமெல்லாம் களையெடுத்தேன். கடைசியில், அழித்தது எதுவும் மீளாதபடி காலியிடத்தை மூன்று தரம் எழுதித் துடைக்கும் ஒரு கருவியையும் ஓட்டிவிட்டு, சமையலுக்குப் போனேன். தூசி இல்லை. எனக்கு அவ்வளவு திருப்தி.

துடைத்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். லேப்டாப் பறந்தது. "பாத்தியா? சொன்னேன்ல?" என்று பெருமையடித்துக்கொண்டேன். பிறகு தேடினோம். டெஸ்க்டாப்பில் இல்லை. டாக்குமெண்டில் இல்லை. கிராணியின் பெயரைப் போட்டுத் தேடினோம், தோட்டத்தின் பெயரை, வீட்டு நம்பரை. பள்ளிக்கூடப் பாடங்கள் இருந்தன. அண்ணியின் படங்கள் இருந்தன. அது மட்டும் இல்லை. பிள்ளை என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அந்தக் கிராணி ஃபைலு எங்க வெச்சீங்க?"

"தெறந்தவொடனே தெரியுமேம்மா. பொட்டி மாதிரி ஒரு படம். போன மாசம் நான்தான் ஒரு தடவ அமுக்கிப் பாத்தேன். செவப்பா வந்து என்னமோ எழுதிக் காட்டுச்சி. ஓகேன்னு இருந்துச்சி, அமுக்கிட்டேன். பொட்டி மறைஞ்சி போச்சி. சரி, உள்ள எடுத்துப் பத்திரமா பூட்டி வெச்சிக்கிச்சின்னு இருந்துட்டேன். அதுக்குத்தானேம்மா கடைக்காரன் அதைப் போட்டுக் குடுத்தான்?"

தானாக விரியும் பெட்டிகளைக் கண்டால் இந்த ஆன்டிவைரஸ்களுக்குச் சந்தேகம். திருடன் என்று பிடித்துத் தனியறையில் அடைத்துவிடும். அடைத்து வைக்கும், அழிக்காது. போன மாதத்திலிருந்து அது அங்கே பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. அண்ணன் நினைத்தது சரி. முகப்பில் இருந்த ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கும். தடுத்து வைக்கப்பட்டவை, ஒன்று. அந்த ஒன்று இந்தப் பிள்ளைதான்.

"அண்ணே, சிடி? அந்த சிடி இருக்குல்ல?"

"மொளகாச் செடிக்குக் குருவி வருதேன்னு…" என்று இழுத்தார்.

விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போனோம். எங்கள் பக்கத்தில் பழைய சிடி கிடைத்தால் கயிற்றில் கோத்துக் கொல்லையில் தொங்கவிடுவார்கள். வெயிலில் மின்னினால் பறவை அண்டாது. அண்ணன் வீட்டுக் கொல்லையில் மிளகாய்க்கும் பயற்றங்கொடிக்கும் நடுவே ஏழெட்டுத் தொங்கின. பாட்டு சிடி, கோயில் திருவிழா சிடி. கடைசியில் ஒன்றில், மங்கிய மையில் வீட்டு நம்பர். அதை அவிழ்த்துத் துடைத்தேன். வெள்ளிப் பூச்சு முழுக்க உரிந்து போயிருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் எதிரில் நின்ற பிள்ளையின் முகம் தெரிந்தது. ஆனாலும் விடாமல் லேப்டாப்பில் போட்டேன். கரகரவென்று சுற்றிவிட்டு வெளியே தள்ளியது. நான்கு தடவை போட்டேன். நான்கு தடவையும் தள்ளியது.

அண்ணன் சமையலறை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "என் தப்புதான்மா" என்றார். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தனியறையில் இருந்ததைக் கொன்றது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், "சிடியக் கொண்டுபோயி குருவிக்குக் கட்டுற ஆள நான் எங்கயும் பாத்ததில்ல!" என்று அவர்மேல் பாய்ந்தேன். என் குணம் அப்படி. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

சனிக்கிழமை சுங்கைப் பட்டாணியில், அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்குப் போனேன். அந்தச் சீனத் தம்பி அரை மணி நேரம் பார்த்தான். "அக்கா, டெலீட் மட்டும் பண்ணியிருந்தா எடுத்துடலாம். இது நல்லா தொடச்சிருக்கு. யாரு பண்ணா?" என்று கேட்டான். நான் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளைப் பதிவு ஆபீசுக்குக் கூட்டிப் போனேன்; எங்கள் வரிசை எண் வந்தது. மேசைக்கு அப்பால் ஒரு மலாய்க்கார அம்மா, என் வயதுதான் இருக்கும். விண்ணப்பப் பாரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெற்ற அம்மாவின் ஐசி எண் என்ன என்று மலாயில் கேட்டார். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அந்த அம்மா நல்ல மாதிரி. பெயரைப் போட்டுத் தேடிக்கூடப் பார்த்தார். அந்தப் பெயரில் எத்தனையோ பெண்கள் இருந்தார்கள். இதில் யார் என்று எதை வைத்துச் சொல்வது? எண் கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், அதுவரை இந்தப் பாரம் இங்கேயே இருக்கட்டும் என்றார். அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்?

திரும்பும்போது காரில் நான்தான் முதலில் பேசினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அந்த ஒற்றை ஃபைல், நிரந்தரமாகவா என்று அது கேட்டது, மூன்று தரம் துடைத்தது, எல்லாம். "நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் கேக்கல. என்னத் திட்டுடி, வாய் விட்டுத் திட்டு" என்றேன். ஓட்ட முடியாமல் சாலையோரம் காரை நிறுத்திவிட்டேன். அவள் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தாள்.

"அதுல ஐசி காப்பி இருந்துச்சின்னு அப்பா சொன்னாரு" என்றாள். "அப்படின்னா படமும் இருந்திருக்கும்லா அத்தை. அவங்க மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. அப்பா மனசு சங்கடப்படும்னு நான் கேட்டதும் இல்ல. நம்பர் கெடைச்சதும் ஒரு தடவ பாத்துக்கலாம்னு இருந்தேன்."

எனக்கு எண் மட்டும்தான் நினைவில் இருந்தது. முகம் ஒன்று இருக்கும் என்பது அந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை. ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அவள்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஜொகூருக்கு இரண்டு தடவை போய் வந்தோம். அந்தப் பெண்ணைத் தெரியும் என்று சொன்னவர்களெல்லாம் வேறு யாரையோ காட்டினார்கள். பிள்ளை பீடோங்கில் ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கிறாள். போலீஸ் சாலையை மறித்து நிற்கிறது என்று யாராவது சொன்னால் அன்று வேலைக்குப் போக மாட்டாள். காய்ச்சல் வந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறாள்.

லேப்டாப் என்னிடமே இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்தவள் ஏதோ தேட வேண்டும் என்று அதைத் திறந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. எந்தக் கேடயமும் துடிக்கவில்லை, எதுவும் எதையும் தடுக்கவில்லை. அவள் ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தாள்.

"ரொம்ப சுத்தமா இருக்கு அத்தை" என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் சொன்னாள்.